வசந்தாமணியின் அரை மணி நேரம்

அந்த ஆடி வெள்ளிக்கிழமை மஞ்சுளா சொம்பைக் குலுக்கிக் கவிழ்த்தபோது மூன்று பகடைகளிலும் ஆறு விழுந்தது. மோட்டார் ரூமுக்கு முன்னால் இருந்த சிமெண்டுத் திட்டில் மூன்று மரக்கட்டைகளும் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் கிடந்தன. கறுப்புப் பெயிண்டில் வைத்த பொட்டுகள் பதினெட்டும் வானத்தைப் பார்த்தன. அந்த வாரம் மஞ்சுளாவின் தோட்டத்துக்குப் பதினெட்டு மணி நேரத் தண்ணீர் என்று அதற்குப் பொருள்.

"அய்யோ, பதினெட்டுங்க அக்கா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் மஞ்சுளா.

வசந்தாமணியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது. அவள் முறை வந்தது. அவளுக்கு இரண்டே பகடைதான். ஒன்றில் இரண்டும் இன்னொன்றில் மூன்றும் விழுந்தன. ஐந்து. அதோடு அவர்கள் வீட்டுக்கு எப்போதும் உண்டான நாலைச் சேர்த்தால் ஒன்பது. பதினெட்டில் சரிபாதி.

வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தபோது அவள் கை தானாக நின்றுபோனது. பதினெட்டு. அவள் எத்தனை பிறவி எடுத்து அந்தச் சொம்பைக் குலுக்கினாலும் பதினெட்டு வராது. ஆறும் ஆறும் பன்னிரண்டு, அதோடு நாலு, பதினாறு. அதற்கு மேல் அவளுக்கு வழியே இல்லை.

வசந்தாமணி பிறந்தது பூலாம்பட்டிப் பக்கம், காவிரிக்கரையில். வாய்க்காலில் தண்ணீர் போகும். மடையைத் திறந்தால் வயல் நனையும். தண்ணீரை மணிக்கணக்கில் பேசுவார்கள் என்பதே அவளுக்குக் கல்யாணமாகி எடப்பாடிக்குத் தெற்கே புங்கங்காட்டு வளவுக்கு வந்த பிறகுதான் தெரியும். வந்த வேகத்தில் கற்றுக்கொண்டாள். பாத்தி கட்டினாள், மோட்டார் போட்டாள், ஃபியூஸ் போனால் மாட்டினாள். மாமியாருக்குக் கடைசிவரை கஞ்சி ஊற்றினாள். கணவன் கருப்பண்ணன் அதிகம் பேசாத மனிதர். யாராவது ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால், "சரி உடு" என்று நகர்ந்துவிடுவார். அதனால் அந்த வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் வசந்தாமணியே பேசினாள்.

அவள் வந்து பல வருடம் கழித்து அவள் கொழுந்தன் தனசேகருக்கு மஞ்சுளாவைக் கட்டினார்கள். திருச்செங்கோட்டில் பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள். கழுத்தில் தாலியோடு அந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்றே, "அக்கா, நான் என்ன வேலை பண்ணட்டுங்க?" என்று கேட்டாள். எல்லோரும் மெச்சினார்கள். வசந்தாமணிக்கு அது பிடிக்கவில்லை. தான் வந்த அன்று அப்படிக் கேட்கத் தோன்றவில்லையே என்றுதான் முதலில் சுருக்கென்றது. அந்தச் சுருக்கு அப்புறம் போகவேயில்லை. மஞ்சுளா உறைக்கு ஊற்றினால் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி இருக்கும். மஞ்சுளா நட்ட முருங்கை முதல் வருடமே காய்த்தது. மஞ்சுளா ஸ்கூட்டரில் போய்த் தானே உர மூட்டை வாங்கி வருவாள். பாகம் பிரித்துத் தனித்தனி வீடாகி, நடுவில் கிளுவை வேலி போட்ட பிறகும், காலையில் எழுந்ததும் வசந்தாமணியின் கண் முதலில் போவது வேலிக்கு அந்தப்பக்கம்தான். கொடியில் புதுச் சேலை ஏதாவது காய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுவாள்.

நிலத்தைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. ஒரே கிணறு, ஒரே மோட்டார், ஒரே கரண்ட் சர்வீஸ். முதலில் ஆளுக்கு மூன்று நாள் என்று வைத்தார்கள். "என் நாள்லதான் கரண்டு போவுது" என்றார் தனசேகர். "உன் நாளுக்குத்தான் கிணறு ஊறி நெறையுது" என்று கருப்பண்ணனே ஒருநாள் வாய் திறந்து சொல்லிவிட்டார். அண்ணன் தம்பி இருவரும் கிணற்றுமேட்டில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற அன்றுதான் சின்னண்ணனை அழைத்தார்கள்.

சின்னண்ணன் இரண்டு பேருக்கும் பங்காளி முறை, மூத்தவர். சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். வந்தார், இரண்டு பக்கமும் கேட்டார், ஒரு சொம்பு மோர் குடித்தார். "மனுசன் பிரிச்சா ஒருத்தனுக்குக் குத்தமாத்தான் தெரியும். யாரும் பிரிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுவாரம் பட்டறையில் மிஞ்சிய வேங்கை மரத்தில் மூன்று பெரிய பகடைகளை அறுத்து, இழைத்து, பொட்டு வைத்து எடுத்துவந்தார். வெள்ளிக்கிழமை காலையில் ஆளுக்கு மூன்று பகடை போடுவது, விழுகிற எண்ணிக்கையே அந்த வாரத்துக்கான மணி நேரம் என்றார். ஆண்கள் பகடையைத் தொடக்கூடாது, பெண்கள்தான் போட வேண்டும் என்றும் சொன்னார்.

தனசேகர் உடனே ஒத்துக்கொண்டார். கருப்பண்ணன்தான் தயங்கினார். "மூணுலயும் ஒண்ணு உழுந்துச்சுன்னா மூணு மணி நேரந்தானுங்களே அண்ணா? மாடு கண்ணு வெச்சிருக்கறேன். எனக்கு ஒரு நிச்சயம் வேணும்."

சின்னண்ணன் சற்று யோசித்தார். "அப்ப ஒண்ணு பண்ணு. நீ ரெண்டு கட்டையே போடு. மூணாவது கட்டைக்குப் பதிலா நாலு மணி நேரம் எப்பவும் உனக்கு. என்ன உழுந்தாலும் நாலு உண்டு."

அன்றைக்கு வசந்தாமணிக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. பகடை போடாமலே நாலு மணி நேரம். தனசேகரும் தன் மூன்று பகடையோடு சந்தோஷமாக இருந்தார். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பதினெட்டு விழும்வரை.

அந்த ஆடிக்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வசந்தாமணிக்கு மஞ்சுளா மூன்று பகடைகளைச் சொம்பில் போடும் சத்தமே கனமாகக் கேட்டது. தன் சொம்பில் இரண்டு பகடை கிடந்து உருளும் சத்தம் காலிப் பாத்திரத்தில் கல் போட்ட மாதிரி இருந்தது. மஞ்சுளா பதினாலு போட்டால் அது வாரம் முழுக்க நெஞ்சில் நின்றது. மஞ்சுளா ஆறு போட்ட வாரங்களும் இருந்தன. ஒருமுறை நாலு போட்டு, நிலக்கடலை பூ எடுக்கிற நேரத்தில் காய்ந்து, மஞ்சுளா குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியதை வசந்தாமணி வேலியோரம் நின்று பார்த்திருக்கிறாள். அன்று அவளுக்கு இரண்டு கவளம் சோறு அதிகமாக இறங்கியது. ஆனால் அந்த வாரம் நினைவில் தங்கவில்லை. பதினெட்டு மட்டும் தங்கியது.

பொங்கல் முடிந்ததும் கணவனிடம் சொன்னாள். "ஏனுங்க, அவங்களுக்கு மூணு கட்டை, நமக்கு ரெண்டா? மூத்தவங்க நாம. மூணு நமக்குத்தான வரோணும்?"

"நாலு மணி நேரம் இருக்குதில்ல?"

"அந்த நாலு எப்பவாச்சும் அஞ்சாவுதா, ஆறாவுதா? நாலு நாலாவே கெடக்குது. அவ மூணாவது கட்டை ஆறாவும் ஆவுது."

"சரி உடு" என்றார் கருப்பண்ணன். இந்தமுறை அவள் விடவில்லை. தினம் ஒரு வேளையாவது அந்தப் பேச்சை எடுத்தாள். சோற்றில் கை வைக்கும்போது எடுத்தாள், பால் கறக்கும்போது எடுத்தாள். தை முடிவதற்குள் கருப்பண்ணனே சின்னண்ணனுக்குப் போன் போட்டார்.

சின்னண்ணன் வெள்ளிக்கிழமை வண்டியில் வந்து இறங்கினார். மோட்டார் ரூம் முன்னால் நான்கு பேரும் நின்றார்கள். வசந்தாமணி கேட்டாள்: "மாமா, இனிமே நாங்க மூணு கட்டை போடறோம். அவங்க ரெண்டு போட்டு நாலு எடுத்துக்கட்டும்."

சின்னண்ணன் பதில் சொல்லும் முன் மஞ்சுளா முன்னால் வந்தாள். "அக்கா, சொல்றனேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்க பக்கந்தான் கொஞ்சம் அதிகம். மாத்திக்காதீங்க."

"எப்படி அதிகம்?"

"ஒரு கட்டைல ஒண்ணுலருந்து ஆறு வரைக்கும் எது வேணா உழுகும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஆறு வரைக்கும் கூட்டுனா இருபத்தொண்ணு வருது. மொகம் ஆறு. வகுத்தா மூணரை. ஒரே வாரம் பாத்தா தெரியாதுங்க. வருசக்கணக்குல போட்டுக்கிட்டே இருந்தா ஒரு கட்டைக்கு மூணரைதான் நிக்கும். எங்க மூணு கட்டைக்குப் பத்தரை. உங்க ரெண்டு கட்டைக்கு ஏழு, அதோட நாலு, பதினொண்ணு. வாரம் அரை மணி நேரம் உங்களுக்குக் கூட."

வசந்தாமணி குனிந்து ஒரு பகடையை எடுத்து அவள் முன்னால் நீட்டினாள். "மூணரைப் பொட்டு எந்தப் பக்கம் வெச்சிருக்குது? காட்டு, பாக்கலாம்."

தனசேகர் சிரித்துவிட்டார். மஞ்சுளா சிரிக்கவில்லை. "பொட்டு இல்லீங்க அக்கா. சராசரி."

உனக்கு அதிகம் இருக்கிறது, அதை எனக்குக் கொடுத்துவிடாதே என்று சொல்லும் ஒரு ஆளை வசந்தாமணி தன் வாழ்க்கையில் கண்டதில்லை. அவள் பிறந்த ஊரிலும் இல்லை, வாழ வந்த ஊரிலும் இல்லை. ஆக மஞ்சுளா எதையோ மறைக்கிறாள். படித்த கணக்கைக் காட்டி மூன்றாவது பகடையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். முன்பு பாதி மனதாக இருந்தவள் இப்போது முழு மனதாகிவிட்டாள்.

"எங்களுக்கு மூணு கட்டைதான் வேணும் மாமா."

சின்னண்ணன் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பிறகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நல்லா ரோசனை பண்ணித்தான் கேக்கறயா அம்மிணி?"

"ஆமாங்க மாமா."

"அப்பச் சரி. மஞ்சுளா, உனக்குச் சம்மதமா?"

"அக்கா கேக்கறாங்க. எனக்கென்னங்க" என்றாள் மஞ்சுளா.

முதல் வெள்ளிக்கிழமையே வசந்தாமணி ஆறு, ஐந்து, ஐந்து போட்டாள். பதினாறு! பழைய முறையில் எப்போதோ ஒருமுறை எட்டக்கூடிய எண், மூன்று பகடை கைக்கு வந்த முதல் நாளிலேயே விழுந்துவிட்டது. அன்று பால் சொசைட்டியில் நின்ற எல்லோரிடமும் சொன்னாள். "கணக்கு படிச்சவ கணக்கு சொன்னா. கட்டை நம்ம பக்கந்தான் பேசுச்சு." அந்த உற்சாகத்தில் கத்திரிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த துண்டையும் உழுது, தக்காளி நாற்று வாங்கி நட்டாள். அடுத்த வாரம் பன்னிரண்டு வந்தது. நாற்று பிடித்துக்கொண்டது. வேலிக்கு அந்தப்பக்கம் பார்க்காமல் முகம் கழுவிய நாட்கள் அவள் வாழ்வில் அவைதான்.

மாசி பாதிக்கு மேல் போனதும் மாறியது. எட்டு. அப்புறம் ஆறு. மறுபடி ஒரு பதினொன்று வந்து மூச்சு விட்டாள். பங்குனி வெயில் ஏறி, தக்காளி பூவெடுத்து நின்ற வாரத்தில் அவள் சொம்பைக் கவிழ்த்தாள். ஒன்று, ஒன்று, இரண்டு.

நாலு மணி நேரம்.

முன்பெல்லாம் பகடையைத் தொடாமலே கிடைத்த அதே நாலு. மஞ்சுளா இரண்டு பகடையில் நாலும் ஒன்றும் போட்டாள். ஐந்து, அதோடு நாலு, ஒன்பது. அதிர்ஷ்டம் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த ஒன்பதிலிருந்து வசந்தாமணி கண்ணை எடுக்கவில்லை.

நாலாம் நாள் தக்காளிச் செடி தலையைத் தொங்கப் போட்டது. இரண்டு நாள் கழித்து மாலையில் மஞ்சுளா வேலிப் பக்கம் வந்து நின்றாள். "அக்கா, எங்களுதுல ரெண்டு மணி நேரம் ஓட்டிக்கோங்க. செடி காயுது."

"அதெல்லாம் வேண்டாம். எங்களுக்கு இருக்குது" என்றாள் வசந்தாமணி.

மறுநாள் காலையில் தக்காளிப் பாத்தி ஈரமாக இருந்தது. கருப்பண்ணன் தம்பியிடம் பேசி விடிகாலையில் மோட்டாரைத் திருப்பிவிட்டிருந்தார். வசந்தாமணி அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. செடி நிமிர்ந்துவிட்டது. அந்த நிமிர்ந்த செடியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மஞ்சுளா கொடுத்த தண்ணீரில் நிமிர்ந்த செடி.

அந்த வாரம்தான் அவள் எடப்பாடிச் சந்தையில் பிளாஸ்டிக் பகடைகள் வாங்கிவந்தாள். புளி தட்டும் காலம். வீட்டில் புளியங்கொட்டை மூட்டையாகக் கிடந்தது. சமையல்கட்டில் உட்கார்ந்து, பக்கத்தில் இரண்டு எவர்சில்வர் குண்டாக்களை வைத்துக்கொண்டாள். மூன்று பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்குக் கொட்டைகளை எண்ணி ஒரு குண்டாவில் போட்டாள். இரண்டு பகடை உருட்டி, நாலைச் சேர்த்து, அத்தனை கொட்டைகளை இன்னொன்றில் போட்டாள். மஞ்சுளா சொன்னது பொய் என்று காட்டினால் போதும். மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

முதல் நாள் மூன்று பகடைக் குண்டாதான் ஏறியிருந்தது. கண்ணால் பார்த்தாலே தெரிந்தது. அன்று கருப்பண்ணனுக்குக் கோழிக் குழம்பு கிடைத்தது. மறுநாள் இரண்டும் சமமாக நின்றன. அதற்கடுத்த நாட்களில் ஒருநாள் இது, ஒருநாள் அது. கருப்பண்ணன் வாசற்படியில் நின்று பார்த்தார். "ஏம்புள்ள, என்ன பண்றே?"

"ஒண்ணுமில்லீங்க. போய்க் கைகால் கழுவுங்க."

விட்டுவிட்டால் நல்லது என்று அவளுக்கே தோன்றியது. விட முடியவில்லை. அடுப்பில் உலை வைத்தால் உலை கொதிக்கும்வரை உருட்டினாள். மாடு கறந்து வந்து உருட்டினாள். பகடை உருட்டி உருட்டி, விழுந்த பொட்டுகளை எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. மூன்று பகடைக்கு ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று நடுவில்தான் அடிக்கடி விழுந்தது. அவள் ஏங்கிய பதினெட்டு வரவேயில்லை. கொட்டைகள் குண்டாவிலிருந்து வாளிக்கு மாறின. பங்குனி கடைசியில் இரண்டு வாளிகளையும் தராசில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். இரண்டு பகடையும் நாலும் சேர்ந்த பக்கம் தட்டு இறங்கியது. அதிகமில்லை. இரண்டு பக்கமும் சமமாக வர, அதிலிருந்து ஒரு பெரிய கை அள்ளி எடுக்க வேண்டியிருந்தது.

அள்ளிய கொட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு சமையல்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்லவில்லை அவள். தனக்கு நல்லது சொல்லியிருக்கிறாள். அது பொய்யைவிடப் பொறுக்க முடியாததாக இருந்தது.

மறுநாள் பஸ் ஏறிச் சங்ககிரிக்குப் போனாள். பட்டறையில் ஒரு லாரிக்குப் பக்கப்பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்காத இடமாகப் பார்த்துச் சின்னண்ணன் அவளை உட்காரவைத்தார்.

"மாமா, அன்னிக்கு ஏன் நாலுன்னு வெச்சீங்க?"

சின்னண்ணன் தலையைச் சொறிந்தார். "ஒரு கட்டைக்குச் சரியா வெக்கறதுன்னா மூணரை வெக்கோணும். மூணரை வெச்சா அதுக்கு ஒரு சண்டை வரும். மூணு வெக்கறதா நாலு வெக்கறதான்னு பாத்தேன். நீங்க மூத்தவங்க. மாமியாரைக் கடைசி வரைக்கும் வெச்சுப் பாத்தவ நீ. ஒரு அரை மணி நேரம் கூட இருக்கட்டும்னுதான் நாலு வெச்சேன். வெளிய சொன்னா தம்பி மூஞ்சியத் தூக்குவான். அதான் சொல்லலை."

"நான் மாத்தச் சொன்னப்பவாச்சும் சொல்லியிருக்கலாமுங்களே?"

"அவங்க முன்னால எப்படிச் சொல்றது அம்மிணி? அந்தப் புள்ளதான் சொல்லுச்சே. நீதான் காதுல வாங்கலை."

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் வெயில் அடித்தது. அவள் நகர்ந்து உட்காரவில்லை. யாரோ ஒருவர் தன்னை எண்ணிப் பார்த்து அளந்து வைத்த அரை மணி நேரம். அதைத் தானே தூக்கி வேலிக்கு அந்தப்பக்கம் போட்டிருக்கிறாள். இப்போது அது மஞ்சுளாவிடம் இருக்கிறது. மஞ்சுளா அதைக் கேட்கக்கூட இல்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே மஞ்சுளா வீட்டு வாசலுக்குப் போனாள். மஞ்சுளா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சுளா, கட்டையப் பழையபடி மாத்திக்கலாம்."

கேட்ட உடனே சரி என்று சொல்லிவிடுவாள் என்று வசந்தாமணிக்குத் தெரியும். அந்தச் சரியை எப்படித் தாங்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

மஞ்சுளா முறத்தைக் கீழே வைத்தாள். "இல்லீங்க அக்கா."

"என்ன?"

"மாத்த முடியாதுங்க. நாலு நிச்சயமா வருதுன்னு நம்பித் தென்னங்கண்ணு நட்டுட்டோம். வாராவாரம் தண்ணி தப்பாம உடோணும். நீங்கதான் கேட்டீங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

"சொன்னே. எனக்குப் புரியற மாதிரியா சொன்னே? சராசரின்னு சொன்னே!"

"எப்படிச் சொன்னாலும் நீங்க நம்பியிருக்க மாட்டீங்க!" மஞ்சுளாவின் குரல் உயர்ந்தது. இத்தனை வருடத்தில் அவள் குரல் உயர்ந்து வசந்தாமணி கேட்டதில்லை. "நான் இந்த ஊட்டுக்கு வந்த நாள்லருந்து பாத்துட்டுத்தான் இருக்கறேன். கொடில சேலை போட்டா நீங்க பாக்கறீங்க. மாமரம் பூத்தா பாக்கறீங்க. அந்தப் பதினெட்டு இருக்குதே அக்கா, மூணு கட்டை இருநூத்திப் பதினாறு விதமா உழுகலாம், அதுல ஒரே ஒரு விதந்தான் பதினெட்டு. வாரம் ஒருக்கா போட்டா நாலு வருசத்துக்கு ஒருக்கா வர்றது. அதைய மட்டும் மனசுல வெச்சுக்கிட்டீங்க. ஏழும் ஏழுக்குக் கீழயும் ஆறு வாரத்துக்கு ஒரு வாரம் வரும். நான் நாலு போட்டுக் கடலை காஞ்சு, கொடத்துல தண்ணி சொமந்தனே, அப்ப வேலியோரம் நின்னீங்களே. ஒரு கொடம் புடிச்சீங்களா?"

வசந்தாமணிக்குக் கோபம்தான் வந்தது. "ஆமா, பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு எனக்கு, பாக்க! இப்ப என்னங்கற?"

"எனக்கும் உங்க தக்காளி தொங்குனப்ப நல்லாத்தான் இருந்துச்சு!" என்றாள் மஞ்சுளா. சொன்ன பிறகு அவளே திகைத்துப்போய் நின்றாள்.

"அப்பறம் எதுக்குத் தண்ணி எடுத்துக்கோங்கன்னு வந்தே?"

"ரெண்டு நாள் பாத்தேன். அப்பறம் தூக்கம் வரலை. வந்தேன்."

இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். முறத்தில் ஒரு கோழி ஏறி உளுந்தைக் கொத்தத் தொடங்கியது. மஞ்சுளா அதை விரட்டினாள். வசந்தாமணி வீட்டுக்கு நடந்தாள்.

வழியில் அவளுக்கே விசித்திரமாக இருந்தது. கேட்டது கிடைக்கவில்லை, காது நிறையத் திட்டு வாங்கியாகிவிட்டது. ஆனாலும் நெஞ்சில் பாரம் குறைந்திருந்தது. மஞ்சுளாவும் இல்லை என்று சொல்கிறாள். மஞ்சுளாவும் கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறாள். அடுத்தவள் செடி காய்ந்தால் அவளுக்கும் நன்றாக இருக்கிறது. இவ்வளவு நாளும் தான் ஒருத்தி மட்டும்தான் இப்படி என்று வசந்தாமணி நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சோறு போடும்போது கணவனிடம் சொன்னாள். "ஏனுங்க, வாரம் பத்தரைதான் நமக்கு. அது மாறாது. ஆனா ஒரு வாரம் பதினாறு வருது, ஒரு வாரம் நாலு வருது. பதினாறு வர்ற வாரம் தண்ணி வரப்புல ஓடி வீணாத்தான் போவுது. அதையப் புடிச்சு வெச்சா நாலு வர்ற வாரத்துக்கு ஆவுமில்ல?"

"எதுல புடிச்சு வெக்கறது?"

"குட்டை வெட்டலாம். பிளாஸ்டிக் சீட்டு விரிச்சு. நெறைய பேரு வெட்டறாங்க."

கருப்பண்ணன் 'சரி உடு' என்று சொல்லவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை யோசித்தார். பிறகு, "மேட்டுத் துண்டுல வெட்டலாம். அங்கிருந்து பைப்புல தானா எறங்கும்" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

வைகாசியில் பொக்லைன் வந்து பண்ணைக்குட்டை வெட்டியது. கறுப்புச் சீட்டு விரித்து ஓரமெல்லாம் மண் மூடினார்கள். பதினாலு வந்த ஒரு வாரத்தில் தேவைக்குப் பாய்ச்சிவிட்டு மீதியைக் குட்டையில் ஏற்றினார்கள். அடுத்து ஐந்து வந்தபோது வசந்தாமணி திட்டின் முன்னால் நின்று பகடைகளைப் பொறுக்கிச் சொம்பில் போட்டுவிட்டு, குட்டைப் பைப்பைத் திறக்கப் போனாள். பத்து மணி நேரத் தண்ணீர் எதற்குப் போதுமோ அதை மட்டும் நட்டாள். தக்காளித் துண்டைக் குறைத்துவிட்டாள். அந்த அரை மணி நேரம் மட்டும் அவ்வப்போது நெருஞ்சி முள்போல் குத்தும். மஞ்சுளாவின் தென்னங்கன்று புதுக் குருத்து விடும்போதெல்லாம், அந்தக் குருத்தில் தன் அரை மணி நேரம் இருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

ஆவணியில் கருப்பண்ணன் மேட்டூரிலிருந்து கெண்டைக் குஞ்சுகள் வாங்கிவந்து குட்டையில் விட்டார். இரண்டு மாதத்தில் அவை சாண் நீளத்துக்கு வளர்ந்து, தவிட்டு உருண்டை போட்டால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. ஒரு மாலை மஞ்சுளா குட்டை மேட்டுக்கு ஏறி வந்தாள்.

"எவ்வளவு தண்ணி புடிக்குங்க அக்கா?"

வசந்தாமணி சொன்னாள். மஞ்சுளா தண்ணீரைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், கரையில் படர்ந்திருந்த பூசணியைப் பார்த்தாள். மறுபடி தண்ணீரைப் பார்த்தாள். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அந்தப் பார்வை வசந்தாமணிக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

"மீன் புடிச்சா குடுத்து உடறேன்" என்றாள் வசந்தாமணி, ரொம்பத் தாராளமாக. அன்று அவளுக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. இரவு பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. வேலிக்கு அந்தப்பக்கம் தனசேகர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். மஞ்சுளா ஒரு முனையைப் பிடித்திருந்தாள். மூலைக்கு ஒரு குச்சி அடித்தார்கள். சாயங்காலம் கருப்பண்ணன் வந்ததும் வசந்தாமணி காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"அவங்களும் குட்டை வெட்டறாங்களாட்ட இருக்குது?"

"ஆமா. நாளைக்கு பொக்லைன் வருதாம்."

"எவ்வளவு நீளமாம்?"

கருப்பண்ணன் ஒரு வாய் குடித்தார். "நம்முளுதைய விட ரெண்டு அடி கூடன்னான் தம்பி. சரி உடு."

வசந்தாமணி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து, வேலியோரம் நின்று, இருட்டும் முன் அந்தக் குச்சிகளை ஒருமுறை கண்ணால் அளந்தாள்.